நாலு விரல் தள்ளி வையுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கூடத்தில் ரூட்டர் இருக்கிறது. உள்ளறையில் கட்டிலின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தால் வீடியோ ஓடுகிறது. அந்த ஓரத்துக்கு நகர்ந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இடையில் இருப்பது அதே சுவர், தூரமும் ஏறக்குறைய அதேதான். பிறகு ஏன் இப்படி?

பதில்: "சிக்னல் வீக்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் கட்டிலின் எந்த ஓரம் என்று பார்த்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். ஆண்டெனா சோதனைக்கூடத்தில் காலம் தள்ளியவன் நான். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான்.

ரூட்டரிலிருந்து கிளம்பும் அலை உங்கள் போனுக்கு ஒரே வழியாக வருவதில்லை. ஒரு பங்கு சுவரைத் துளைத்துக்கொண்டு நேரே வரும். இன்னொரு பங்கு இரும்பு பீரோவில் மோதித் திரும்பி வரும். தரையில் பட்டு ஒன்று, ஜன்னல் கம்பியில் பட்டு ஒன்று என்று பத்து வழிகள் இருக்கும். ஒவ்வொன்றும் கடந்து வந்த தூரம் வேறு. வைஃபை பயன்படுத்தும் அலைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். இரண்டு வழிகளுக்கு இடையே அதில் பாதி, அதாவது ஆறேகால் சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிட்டால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் வந்து விழும். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று காலி செய்துவிடும். அப்படி ஒரு குழியில் போன் மாட்டிக்கொண்டால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக் குறைவது சர்வசாதாரணம். ஆயிரத்தில் ஒரு பங்காகவும் ஆவதுண்டு. போனையோ ரூட்டரையோ நாலு விரற்கடை நகர்த்தினால் குழியிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது. புது ரூட்டர் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அதோடு ரூட்டரை நெஞ்சு உயரத்துக்கு மேலே வையுங்கள். டிவிக்குப் பின்னால், பீரோ பக்கத்தில், மீன்தொட்டிக்கு அருகில் வேண்டாம். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான், அதையும் மறக்காதீர்கள். போன் திரையில் தெரியும் கோடுகளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எத்தனை கோடு போடுவது என்பது அவரவர் கம்பெனி இஷ்டம். இலவசமாகக் கிடைக்கும் செயலிகள், வந்து சேரும் சக்தியை அளக்கும் டிபிஎம் என்ற அலகில் எண்ணைக் காட்டும். மைனஸ் 50 பக்கம் இருந்தால் பிரமாதம். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் எழுத்துச் செய்தியோடு திருப்திப்பட வேண்டியதுதான். அந்த எண் 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

இன்னொரு சங்கதி. இந்த எதிரொலிகளைப் பொறியாளர்கள் வெகுகாலம் ஒழித்துக்கட்ட வேண்டிய தொல்லையாகத்தான் பார்த்தார்கள். இந்தியக் கடற்படைக்காக நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் செய்துகொடுத்த ஆரோக்கியசாமி பால்ராஜ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போன பிறகு அதைத் தலைகீழாகப் பார்த்தார். வழிகள் பல இருக்கின்றன என்றால், இரண்டு பக்கமும் பல ஆண்டெனாக்களை வைத்து, வழிக்கு ஒரு சேதியாக ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பலாமே என்றார். அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994-இல் கிடைத்தது. இன்று மிமோ என்று ரூட்டர் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது அதுதான். எதிரொலியே இல்லாத வெட்டவெளியில் இந்த வித்தைக்கு அவ்வளவாக வேலையில்லை. உங்கள் பீரோவும் சுவரும் இருந்தால்தான் அதற்குத் தீனி.

கேள்வி: கருந்துளையைத் தேடப்போய் வைஃபையைக் கண்டுபிடித்தார்கள் என்று மேடைப்பேச்சில் கேட்டேன். உண்மையா? அப்படியானால் அடிப்படை ஆராய்ச்சி உசத்தி, பயன்பாட்டு ஆராய்ச்சி அதன் எடுபிடி என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்த பகுதி.

சிறிய கருந்துளைகள் ஆவியாகி வெடிக்கும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974-இல் சொன்னார். அந்த வெடிப்பிலிருந்து ரேடியோ துடிப்பு ஏதாவது வருகிறதா என்று தேடியவர்களில் ஜான் ஓ'சல்லிவன் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளரும் ஒருவர். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் விண்வெளியில் நெடுந்தூரம் வரும் துடிப்பு வழியில் கலைந்து இழுபட்டுத்தான் வந்து சேரும். அந்தக் கலைசலிலிருந்து மூலத் துடிப்பை மீட்கும் கணக்கில் அவர் தேறினார்.

பல ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ-வில் கம்பியில்லாமல் கணினிகளை இணைக்கும் வேலை வந்தது. அறைக்குள் எதிரொலிகள் சேதியைக் கலைக்கின்றன. பழகிய பிரச்சினை. அவரும் சகாக்கள் நால்வரும் 1992-இல் விண்ணப்பித்த காப்புரிமை அங்கிருந்து பிறந்தது. ஒரே வேகமான ஓடையாக அனுப்பாமல் பல மெதுவான ஓடைகளாகப் பிரித்து ஒரே சமயத்தில் அனுப்புவது, ஒவ்வொரு துண்டுக்கும் பிழைதிருத்தக் காப்புப் போடுவது, இதுதான் சாரம்.

மேடையில் சொல்லாமல் விடுவது என்ன? பல ஓடைகளாகப் பிரிக்கும் யோசனை அதற்கு முன்பே இருந்தது. பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் 1966-இலேயே எழுதிவிட்டார். வைஃபையின் முதல் தரநிலை 1997-இல் வந்தபோது இந்த உத்தி அதில் இல்லை, வேகம் வினாடிக்கு 2 மெகாபிட்தான். 1999-இல் வந்த அடுத்த தரநிலைதான் 52 ஓடைகளோடு 54 மெகாபிட்டைத் தொட்டது. அதற்கும் முன்பு, 1985-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே இந்த வேலைக்குப் பயன்படுத்த அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை இரைச்சல் போடும் குப்பை அலைவரிசை என்று ஒதுக்கிவைத்திருந்த இடம் அது. அந்த ஒரு உத்தரவு வந்திராவிட்டால் எந்த மேதையும் ஒன்றும் செய்திருக்க முடியாது. சட்டப்பிரிவு எழுதிய குமாஸ்தாவுக்கு யாரும் சிலை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

1999-இன் அந்தத் தரநிலையில் ஒரு சின்ன எண் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் 4 மைக்ரோவினாடி. அதில் முதல் 0.8 மைக்ரோவினாடியை வாங்கும் கருவி வேண்டுமென்றே தூக்கி எறிந்துவிடும். முந்தைய துண்டின் எதிரொலிகள் வந்து அடங்க விடும் இடைவெளி அது. ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் போகும். ஆக 240 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் எதிரொலி வரை இடைவெளிக்குள் செத்துவிடும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது தாராளம். இந்த 0.8-ஐ வைத்தவர்கள் கட்டடம் கட்டடமாக எதிரொலியை அளந்தவர்களின் கணக்கை நம்பி வைத்தார்கள். அளந்தவரை எடுபிடி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: கதிர்வீச்சைத் தடுக்க போன் முதுகில் ஒட்டும் தங்கநிற ஸ்டிக்கர் பலன் தருமா?

பதில்: விற்றவருக்குத் தரும். உண்மையிலேயே அலையை மறைக்கும் உலோகமாக இருந்தால், டவரோடு பேச முடியாமல் போன் இன்னும் கூடுதல் சக்தியில் கத்தும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். மறைக்காத வெற்றுக் காகிதமாக இருந்தால் தொந்தரவில்லை. கவலையாக இருந்தால் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் பேசுங்கள். தூரம் கூடக்கூட உடம்பில் படும் சக்தி மளமளவென்று குறையும்.

கேள்வி: இறுதியாண்டு பொறியியல் மாணவன் நான். கட்டடத்துக்குள் ஒருவர் எந்த அறையில் நிற்கிறார் என்பதை வைஃபை சிக்னல் அளவை வைத்துக் கண்டுபிடிக்கும் புராஜெக்ட் செய்திருக்கிறோம். 98 சதவீதத் துல்லியம் வருகிறது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று ஒரு ஆய்விதழ் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: தம்பி, ஆய்விதழ் கிடக்கட்டும். முதலில் அந்த 98-ஐப் பார்ப்போம்.

ஒவ்வொரு அறையிலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்று வினாடிக்கு ஒன்றிரண்டு அளவு எடுத்திருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் குலுக்கி, 80 பங்கை நிரலின் பயிற்சிக்கும் 20 பங்கைச் சோதனைக்கும் பிரித்திருப்பீர்கள். மென்பொருள் ஒரே வரியில் அதைச் செய்துகொடுக்கும். வினை அங்கேதான். சோதனைக்குப் போன அளவும் பயிற்சிக்குப் போன அளவும் ஒரே ஆள் அதே இடத்தில் அடுத்தடுத்த வினாடியில் எடுத்தவை. வினாத்தாளை முதல்நாளே கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த மாதிரி. 98 வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இப்படிச் செய்து பாருங்கள். பயிற்சி அளவுகளை ஒரு நாள் எடுங்கள். சோதனை அளவுகளை அடுத்த வாரம், வேறொரு நண்பர் கையில் வேறு கம்பெனி போனைக் கொடுத்து எடுங்கள். கதவு திறந்தும் மூடியும், அறை காலியாகவும் ஆள் நிறைந்தும் இருக்கும்போது எடுங்கள். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். ரூட்டருக்கு முதுகைக் காட்டி நின்றாலே அளவு சரியும். உங்கள் 98 எங்கே வந்து நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆராய்ச்சி. அது 70 ஆக இருந்தாலும் எனக்கு மரியாதை வரும்.

இந்தத் துறையின் மூத்த கட்டுரைகளில் ஒன்று 2000-இல் வந்த, ரேடார் என்று பெயர் வைத்த வேலை (விமானம் தேடும் ரேடார் இல்லை). மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பரம்வீர் பால், வெங்கட் பத்மநாபன் இருவரும் செய்தது. ஒரு மாடியில் மூன்று ரேடியோ நிலையங்களை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு திசைக்கும் திரும்பி நின்று அளந்தார்கள். பாதித் தடவை பிழை 2 முதல் 3 மீட்டருக்குள் இருந்தது என்று எழுதினார்கள். சதவீதத்தைச் சொல்லிப் பெருமையடிக்காமல் எத்தனை மீட்டர் தவறுகிறது என்று சொல்வதுதான் பிழைப்புக்கு உதவும். நீங்களும் மீட்டரில் எழுதுங்கள்.

பேட்டரியில் ஓடும் சிறு கருவி ஒன்றையும் செய்திருந்தால் இன்னொரு சோதனை. சில்லின் விவரத்தாளில் ஆழ்உறக்க நிலையில் 10 மைக்ரோஆம்பியர் என்று போட்டிருப்பான். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியை அதால் வகுத்தால் 22 ஆண்டு ஓடும் என்று வரும். மாணவர் அறிக்கைகளில் இந்த 22-ஐ நான் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் ஆச்சரியக்குறியோடு. மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து அளந்து பாருங்கள். பலகையில் சதா எரியும் சிவப்பு விளக்கு, யுஎஸ்பி சில்லு, மின்னழுத்தச் சீராக்கி எல்லாம் சேர்ந்து சில மில்லிஆம்பியரைத் தின்றுகொண்டிருக்கும். 5 மில்லிஆம்பியர் என்றால் 400 மணிநேரம், பதினேழு நாளில் கருவி படுத்துவிடும். அந்த விளக்கைக் கழற்றியதும் என்ன ஆனது, சீராக்கியை மாற்றியதும் என்ன ஆனது என்று ஒரு அட்டவணை போடுங்கள். அறிக்கையில் நான் முதலில் புரட்டும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி ஆய்விதழ். ஒரு வாரத்தில் இரண்டு நிபுணர்கள் உங்கள் கட்டுரையைப் படித்து, குறை சொல்லி, நீங்கள் திருத்தி, அவர்கள் மறுபடி பார்ப்பது நடக்கிற காரியமா? படிக்காமலே போடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். 2005-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவன மாணவர்கள் மூவர் கணினித்துறைச் சொற்களைத் தாறுமாறாகக் கோத்துக் கட்டுரை தயாரிக்கும் நிரல் ஒன்றை எழுதினார்கள். அது கக்கிய அபத்தத்தை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. 2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகள் வைத்த கட்டுரையை 304 கட்டண இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன. கட்டணம் வாங்கும் இதழெல்லாம் மோசமில்லை, யாரும் இலவசமாகப் படிக்கட்டும் என்று எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு. பரிசோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், இந்த இதழைத் தன் பணியாக அவர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சிலருக்குத் தங்கள் பெயர் அங்கே இருப்பதே தெரியாது.

"பொறியியல், கம்பியில்லாத் தொடர்பு, தகவலியல், மேலாண்மை" என்று ஒரே இதழ் எல்லாக் கடையையும் விரித்திருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். துறைகள் சேருமிடத்தில் நல்ல வேலை நடக்கும்தான். அதற்கு இரண்டு துறையும் தெரிந்தவர் மதிப்பிட வேண்டும்.

கேள்வி: போன் பின்பையில் இருந்தால் புளூடூத் காதொலிப்பானில் பாட்டு விட்டுவிட்டு வருகிறது. சட்டைப்பையில் சரியாக இருக்கிறது. ஹெடி லமார் என்ற நடிகைதான் புளூடூத்தைக் கண்டுபிடித்தவர் என்கிறார்களே?

பதில்: இடையில் நிற்பது உங்கள் உடம்பு. அதையே முந்தைய பதிலில் சொல்லிவிட்டேன். புளூடூத்தின் சக்தியும் கொஞ்சம். வீட்டுக்குள் சுவர் எதிரொலி சுற்றிக்கொண்டு வந்து காப்பாற்றும், திறந்த மைதானத்தில் அதுவும் இல்லாததால் அங்கே இன்னும் மோசமாக விட்டுப்போகும்.

ஹெடி லமார் விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். அவரும் ஜார்ஜ் அந்தைல் என்ற இசையமைப்பாளரும் 1942-இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். ரேடியோவால் ஓட்டும் டார்ப்பிடோவை எதிரி இரைச்சல் போட்டுத் திசைதிருப்ப முடியாதபடி, அனுப்புவதும் வாங்குவதும் ஒரே ஒழுங்கில் அலைவரிசை தாவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது யோசனை. தானியங்கிப் பியானோவின் துளைச்சுருளை மனதில் வைத்து 88 அலைவரிசை என்று எழுதினார்கள், பியானோவில் கட்டைகள் 88 அல்லவா. புளூடூத்தும் தாவுகிறது, 79 அலைவரிசைகளில் வினாடிக்கு 1600 தடவை. வித்து ஒன்றுதான். ஆனால் அலைவரிசை தாவும் எண்ணம் அவர்களுக்கு முன்பும் சிலரிடம் இருந்தது, புளூடூத்தை வடித்த பொறியாளர்கள் வேறு. அவரை அழகி என்று மட்டும் பார்த்த காலம் ஒரு அநியாயம் செய்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் "வைஃபையின் தாய்" இன்னொரு வகைச் சோம்பல்.

கேள்வி: நூலகர் எழுதுகிறேன். பழைய தமிழ் இதழ்க் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றிவிட்டோம். ஆனால் தேடினால் கண்ணெதிரே இருக்கும் சொல்லே கிடைப்பதில்லை. மென்பொருள் கோளாறா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் மற்ற சில கடிதங்களை ஒதுக்கி வைத்தேன். கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம்.

ஒன்று, எழுத்துரு. யூனிகோடு என்ற பொதுக் குறிமுறை பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம் இருந்தது. அவற்றில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது வேறு ஏதோ குறிகளின் வரிசை. ஒரு வரியை நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டிப் பாருங்கள். கொச்சைக் குறிகளாக வந்தால் முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று என்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டு இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடுபொறிக்கு இரண்டும் வேறு சொல். இதற்கு யூனிகோடிலேயே சீராக்கும் விதி உண்டு, என்எஃப்சி என்பார்கள். ஏற்றும்போதும் தேடும்போதும் அதன் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் "கௌ" அடிக்கத் தெரியாமல் கொம்பும் ககரமும் ளகரமுமாக அடித்திருந்தால் எந்தச் சீராக்கமும் காப்பாற்றாது, காலுக்குப் பதில் ரகரத்தை அடித்திருந்தாலும் அப்படியே. "கௌரவம்", "பௌர்ணமி", "மௌனம்" மூன்றையும் தவறான வடிவில் தேடிப் பாருங்கள். எத்தனை வந்து விழுகின்றன என்பதை வைத்துத் தட்டச்சின் தரத்தை மதிப்பிட்டுவிடலாம்.

மூன்றாவது, தமிழே. "மரம்" என்று தேடுபவருக்கு "மரத்தில்", "மரத்தடியில்", "மரங்களை" எல்லாம் வர வேண்டும். எழுத்தை மட்டும் பார்த்தால் "மரம்" என்ற வடிவம் அவற்றுக்குள் எங்குமே இல்லை. வேர்ச்சொல் பிரிக்கும் நிரல் தேவை. அது அளவுக்கு மீறி வெட்டினால் "மரபு" தேடியவருக்கும் மரம் வந்து நிற்கும். எவ்வளவு வெட்டுவது என்பதை உங்கள் வாசகர்கள் உண்மையில் தேடும் சொற்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒரு மாதத் தேடல் பதிவை எடுத்து, ஒன்றும் கிடைக்காமல் போன சொற்களை மட்டும் பட்டியலிடுங்கள். மென்பொருள் ஆசாமியிடம் புகார் சொல்லாமல் அந்தப் பட்டியலைக் கையில் கொடுங்கள்.

கிடைத்தவற்றில் எதை முதலில் காட்டுவது என்பது அடுத்த சிக்கல். கேம்பிரிட்ஜின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் இதற்கு ஒரு எளிய விடை சொன்னார். எல்லாக் கட்டுரையிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சில கட்டுரைகளில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். "ஏரி தூர்வாருதல்" என்று தேடினால் "தூர்வாருதல்" உள்ள கட்டுரை முன்னால் வரும். இன்றும் பல தேடுபொறிகளின் அடியில் அந்தக் கணக்கு ஓடுகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது 1931-இல் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அவர் கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். உங்கள் கேள்வி அவர் கையில் கிடைத்திருந்தால் அவரும் முதலில் அந்தத் தோல்விப் பட்டியலைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஜிபிஎஸ் போட்டால் செயற்கைக்கோள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்குமா?

பதில்: இல்லை. அதற்கு நீங்கள் இருப்பதே தெரியாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு, நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இன்னது என்று அது பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கும். நாலு செயற்கைக்கோள்களின் மணியை ஒப்பிட்டு இடத்தைக் கணக்குப் போடுவது உங்கள் போன். அந்த இடத்தை இணையம் வழியாக யாருக்குச் சொல்வது என்பதையும் போனில் உள்ள செயலிகள்தான் முடிவு செய்கின்றன. அமைப்புகளில் இருப்பிட அனுமதிப் பட்டியலைத் திறந்து, டார்ச் விளக்குச் செயலிக்கு அது எதற்கு என்று கேளுங்கள்.